முதலிலிருந்தே எண்ணும் பெட்டி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நொட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒரு நொட்டை சொல்வாள் என்பதால் வந்த பெயர். அவளுடைய வேலையே அதுதான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. 'சோதனைப் பிரிவுத் தலைவி' என்று அறைக் கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். பிரிவில் தலைவி மட்டும்தான் இருந்தாள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, இரண்டு பெட்டி, ஒரு சுவர்க் கடிகாரம். தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்து, கண்டுபிடித்தால் முகத்தைச் சுளிக்கிற அந்த இடத்தில் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அவளுக்கு அத்தான். கூடப்பிறந்த ஒரே அக்காவின் கணவர். ரகசியச் செய்தி அனுப்பும் பெட்டிகளைச் செய்து விற்பவர். அவரைப் பற்றி அவரிடமே கேட்டால் அரை நாள் சொல்வார். கேட்காவிட்டால் ஒரு நாள் சொல்வார். மற்றவர்கள் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தான் பேசும்போது கழற்றி வைத்துவிடுவார். நாற்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போட மாட்டேன் என்று அடம். பொடி எழுத்தாக இருந்தால் அடுத்தவரிடம் கொடுத்து, "நீ படி, நான் கேக்கறேன்" என்று ராஜா மாதிரி சாய்ந்துகொள்வார்.

அக்கா முன்பு இதே அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவள். கல்யாணமான இரண்டாம் வருடம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றார் அத்தான். அதோடு சரி. வெயில் கொளுத்தும்போதும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கன்னம் கன்றியிருந்தால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். ஆளைத் தேடி வந்து இடிக்கிற கதவுகளை நொட்டை வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை. இரண்டு முறை நேராகவே கேட்டாள். இரண்டு முறையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அக்கா உள்ளே போய்விட்டாள். நொட்டைக்கு வேறு நல்ல வேலைகள் வந்தன. அவள் போகாததற்குக் காரணம் அந்தக் கதவுகள்தான். அலுவலகத்துக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு, ஓடினால் ஐந்து நிமிடம்.

போன மாதம் கிடைத்த புது வாடிக்கையாளர் ஒரு சங்கம். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வரும் பெண்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறவர்கள். ஒரு தலைமை அலுவலகம், வெவ்வேறு இடங்களில் ஐந்து மறைவு வீடுகள். எந்தப் பெண் எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு வருகிறாள் என்பதைப் பெட்டி வழியாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் செய்தி ஒரு தடவை வெளியே போனால் போதும், தேடிக்கொண்டிருக்கிற புருஷன் வாசலில் வந்து நிற்பான். சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு அத்தான்தான் சிறப்பு விருந்தினர். பெண்கள் பாதுகாப்பைப் பற்றி நாற்பது நிமிடம் முழங்கினார். அக்கா முதல் வரிசையில், சங்கத்துச் செயலாளர் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில், முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்து கைதட்டினாள். அடுத்த வாரமே பெட்டிகளுக்கு ஒப்பந்தம். ஒரு மாதம் சோதனை ஓட்டம். அது முடிந்ததும் 'பாதுகாப்பானது' என்று சோதனைப் பிரிவு கையெழுத்துப் போட்டால் ஐந்து வருடத்துக்கு உறுதி.

மாதம் முடிந்தது. நொட்டை கையெழுத்துப் போடவில்லை.

பெட்டி செய்கிற வேலை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. எழுத்து, எண், புள்ளி, இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து முந்நூறு வரை எண் கொடுத்த அட்டவணை ஒன்று உண்டு. அது யார் கையிலும் கிடைக்கும். செய்தியில் வருகிற எழுத்தின் எண் நூற்று நாற்பது என்றால், பெட்டி தன் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் எண்ணை எடுக்கும், இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் கூட்டும். கூட்டினது முந்நூறைத் தாண்டினால் முந்நூறைக் கழித்துவிடும். ஆக, கம்பியில் போவது வெறும் நாற்பது. அடுத்த எழுத்துக்கு அடுத்த எண். ஒட்டுக்கேட்கிறவனுக்குக் கிடைப்பது எண் குப்பை. மறுமுனையில் இருக்கிற பெட்டி அதே எண் வரிசையைத் தானும் தயாரித்துக் கழித்துக்கொள்ளும். செய்தி முழுசாக வந்துவிடும்.

அந்த வரிசை பகடை உருட்டினது போல இருக்கும். ஆனால் பகடை இல்லை. நிஜப் பகடை என்றால் மறுமுனைப் பெட்டி அதே எண்களை எப்படி உருட்டும்? ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு, அதைப் பெருக்கி, மடக்கி, கலக்கி ஓர் எண்; அதிலிருந்து அடுத்தது; அதிலிருந்து அதற்கடுத்தது. போலித் தற்செயல் என்பார்கள். போலிதான், ஆனாலும் நாணயமான போலி. தொடக்க எண் தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் அடுத்து வருவது என்ன என்று சொல்ல முடியாது. அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவை ஓடின வரிசையை மறுபடி ஓட்டாதே. அதற்காகத்தான் ஆரம்பத்தில் பெட்டி, போட்டவுடன் அரை நிமிடம் கம்பியில் வருகிற இரைச்சலை அள்ளி, அதிலிருந்து ஒரு புத்தம்புது எண்ணைச் செய்து, அதை மறுமுனைக்கும் அனுப்பி, தன்னிடமிருக்கும் ரகசிய எண்ணோடு கலந்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து தொடங்கும்படி செய்திருந்தார்கள்.

அந்த அரை நிமிடம் அத்தானுக்கு ஆகவில்லை. ஒரு கண்காட்சியில் பெரிய மனிதர்கள் சூழ நின்றுகொண்டு பெட்டியைப் போட்டார். அது பாட்டுக்கு இரைச்சலை அள்ளிக்கொண்டிருந்தது. முப்பது விநாடி அசடு வழிய நின்றார். திரும்பி வந்ததும் பொறியாளரைக் கூப்பிட்டார். பொறியாளருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

"போட்டா டக்குனு எரியணும்யா. பல்பு மாதிரி."

"ஆமா சார். பல்பு மாதிரி."

"அந்த இரைச்சல் எழவெல்லாம் எதுக்கு?"

"ஆமா சார். எதுக்கு?"

அந்த அறையில், எதுக்கு என்று தெரிந்த ஒரே ஆள் ஆமாஞ்சாமிதான். இரைச்சலைப் பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து பெட்டி, போட்ட போதெல்லாம் முதல் எண்ணிலிருந்தே தொடங்கியது. நேற்று எந்த வரிசையோ அதே வரிசைதான் இன்றும், நாளையும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும்.

இது போதாதென்று வாசகம் வேறு. தினமும் காலையில் முதல் முறை போட்டதும் பெட்டி தானாகவே ஒரு வாசகத்தை அனுப்பும். அத்தானே உட்கார்ந்து எழுதியது. 'வணக்கம். இரும்பைவிட உறுதியான எங்கள் பெட்டி தங்கள் ரகசியத்தைத் தாயினும் மேலாகக் காக்கும்' என்று ஆரம்பித்து, இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்துக்கு ஓடி, நிறுவனரின் பட்டங்களோடு முடியும். விளம்பரத் தாளிலும், அலுவலகத் தூணிலும், காபிக் கோப்பையிலும் அதே வாசகம்தான். கொஞ்சம் சுருக்கலாமே என்றபோது, "நீளமா இருந்தாத்தான் மரியாத" என்றார். வாடிக்கையாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டபிறகு, ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் என்று இறங்கி வந்தார்.

சங்கத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது விளக்கு, விசிறி, பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது பழக்கம். சாப்பிட்டு வந்து மறுபடி போடுவார்கள். இந்த முறை வாசகம் கிடையாது, நேராகச் செய்திதான். ஆக, காலையில் வாசகத்தை மூடின அதே எண்கள், மதியம் ஒரு பெண் ஒளியப் போகும் இடத்தை மூடின. வாசகமோ ஊரறிந்தது. காலையில் கம்பியில் போனதிலிருந்து வாசகத்தைக் கழித்தால் எண் வரிசை கையில். மதியம் போனதிலிருந்து அந்த வரிசையைக் கழித்தால் செய்தி கையில். பென்சிலும் இரண்டாம் வகுப்புக் கழித்தலும் போதும். கோளாறு பார்ப்பதற்கென்று கம்பியில் போகிற எண்களின் நகல் அலுவலகத்துக்கும் வரிக்கு ஓர் எண்ணாகத் துண்டுச் சீட்டுகளில் அச்சாகி வரும். எண் குப்பைதானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. நொட்டை கண்டுகொண்டாள். முதல் வாரத்துச் சீட்டு ஒன்றைப் பிரித்தாள், 'இரண்டாம் வீட்டுக்குப் போர்வை ஆறு அனுப்பவும்' என்று வந்தது. அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தானிடம் சொன்னாள். அவர் சிரித்தார். எழுதிக் கொடுத்தாள். அதைக் கோப்பைக்கு அடியில் வைத்துக் காபி குடித்தார். கடைசி நாள் காலை ஒன்பதரைக்கு, ஆமாஞ்சாமியையும் அழைத்துக்கொண்டு சோதனை அறைக்கே வந்துவிட்டார். சோதனை அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது அவர் போட்ட விதி. மூன்று போனும் வெளியே தட்டில் கிடந்தன.

"இன்னைக்கு சர்டிபிகேட் போகணும். கையெழுத்துப் போடு."

"மாட்டேன் அத்தான். யார் வேணா படிக்கலாம் அத."

"யார் வேணான்னா?"

"கழிக்கத் தெரிஞ்ச யார் வேணா."

"சரி, எனக்குக் கழிக்கத் தெரியும். நானே போடறேன். நீ கணக்குல கை வெச்சிருவ." கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். "போர்வ கீர்வன்னு நீ முன்னாடியே தயார் பண்ணி வெச்ச சீட்டு வேணாம். நேத்து சீட்ட எடு. நேத்துக் காலை, நேத்து மதியம். யாரும் இன்னும் பாக்கலல்ல?"

"யாரும் பாக்கல."

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த காலைப்பொழுது இது. அவரே தன் கையால் போட்டு, தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் படிக்கப் போகிறார். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சீட்டில் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் அதைப் படிப்பது நொட்டை. வாசகத்தின் எழுத்துக்கு எண் சொல்வதும், வருகிற விடைக்கு எழுத்துத் தேடுவதும் ஆமாஞ்சாமி. கழித்தல் மட்டும் முதலாளி.

"காலை எழுபத்திரண்டு. மதியம் நூற்று அஞ்சு," என்றாள். ஆமாஞ்சாமி வாசகத்தின் முதல் எழுத்துக்கு எண் சொன்னார். அத்தான் தட்டினார், மறுபடி தட்டினார். ஆமாஞ்சாமி அட்டவணையில் விரல் வைத்தார்.

"நா," என்றார்.

"நாவா? சரி. ஒரு எழுத்து வரத்தான் செய்யும். அடுத்தது."

அடுத்தது 'ளை'. பிறகு இடைவெளி. 'கா'. 'லை'. அத்தானின் புருவம் இறங்கியது. 'ப', 'த்', 'து' என்று ஆமாஞ்சாமி சொல்லச் சொல்ல அத்தான் தாளில் எழுதினார். 'நாளை காலை பத்து'. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்ததை நொட்டை ஆசை தீரப் பார்த்தாள். பொல்லாத சந்தோஷம் என்று தெரியும், தெரிந்தும் பட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் முந்தி ஓடினாள். தினமும் ஒரே வரிசை என்பதால் அதன் முதல் நூறு எண் அவளுக்கு மனப்பாடம். அவர் ஓர் எழுத்துக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது அவள் சீட்டில் கண்ணை ஓட்டி மனதுக்குள்ளேயே கழித்துக்கொண்டு போனாள். மணிக்கு. மூன்றாம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். இந்தப் பெட்டியைச்

பெட்டியையா? என்ன குறை சொல்லப் போகிறார்கள் என்று இன்னும் ஆசையாகப் போனாள்.

செய்தவரின் மனைவி. வண்டி பின்வாசலில் நிற்கும்.

இன்னொரு தடவை கழித்தாள். அதே விடைதான் வந்தது. சீட்டு நேற்று மதியம் போனது. 'நாளை காலை' என்பது இந்தக் காலைதான். கடிகாரத்தில் மணி பத்தாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி, அவளுடைய அக்கா இந்நேரம் ஒரு பையில் துணி வைத்துக்கொண்டிருப்பாள்.

"ம," என்றார் ஆமாஞ்சாமி.

"ம," என்று எழுதினார் அத்தான். "பத்து ம... பத்து மணின்னு வருதாடா? படி, அடுத்தது படி."

இன்னும் முப்பது நாற்பது எழுத்து. அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. சீட்டைக் கிழித்தால் ஏன் என்பார். மயக்கம் போட்டு விழுந்தால் எழுந்து இன்னொரு நகல் எடுப்பார். அவள் கட்டைவிரலை மதியச் சீட்டில் ஒரு வரி கீழே தள்ளினாள்.

வரிசையும் செய்தியும் ஓர் அடி பிசகினால் போதும், இந்தப் பெட்டிக்குள் போனது எதுவும் திரும்பி வராது. அவள் படித்தாள். அவர் தட்டினார். ஆமாஞ்சாமி அட்டவணையைத் தடவினார்.

"ஙூ."

"என்னது?"

"ஙூ சார். அடுத்தது... ஞௌ."

"ஞௌவா?" அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொண்ணு போடு."

'ழெ' வந்தது. பிறகு ஏழு என்ற எண், பிறகு 'ஙோ'. அத்தானின் முகத்தில் போன ரத்தமெல்லாம் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா! மொதல்ல வந்ததெல்லாம் குருட்டாம்போக்கு!"

ஆமாஞ்சாமி நொட்டையின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவள் கட்டைவிரல் இருக்கிற இடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இரைச்சலைப் பிடுங்கிய தன்னைக் காப்பாற்றத்தான் இவள் இப்படிச் செய்கிறாள் என்று பாவம் நினைத்திருக்க வேண்டும்; கண் கலங்கிவிட்டது.

"ஆமா சார்," என்றார். "குருட்டாம்போக்குதான்." அவர் வாழ்நாளில் சொன்ன ஆமாக்களில் உருப்படியான ஆமா அது ஒன்றுதான்.

அத்தான் எழுந்துவிட்டார். மணி ஒன்பது ஐம்பத்தாறு. பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு போன் போடுவார், தினமும் போடுவார். மூன்றாவது மணி அடிப்பதற்குள் அக்கா எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் வீட்டில் இருப்பார். வண்டி பின்வாசலைவிட்டு நகர்ந்திருக்காது.

"அவ்வளவுதானா அத்தான்?" என்றாள் நொட்டை. "பதினஞ்சு எழுத்து போட்டுட்டு எந்திரிச்சா எப்படி? மிச்சத்துல சரியா வரும்னு நாளைக்கு நான் சொல்லுவேன்ல?"

"வராதுடி. அதான் பாத்தோமே."

"நீங்க பாதியில பயந்து எந்திரிச்சிட்டீங்கன்னுதான் எழுதுவேன்."

பயம் என்ற வார்த்தைக்கு அவரைக் கட்டிப்போடும் சக்தி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எத்தன எழுத்து இருக்கு மொத்தம்?"

"வாசகம் எவ்வளவு நீளமோ அவ்வளவு. எரநூத்திப் பன்னெண்டு."

"படி. ஒண்ணு விடாமப் படி. இன்னைக்கு உன் வாய அடைக்கிறேன் பாரு."

அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை, நடுவில் தண்ணீர் குடித்து. ஐம்பதாவது எழுத்தில் தும்மினாள். எழுபதாவதில் வரி தவறிவிட்டது என்று சொல்லிப் பத்து எழுத்து பின்னால் போனாள். அத்தான் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு உளறலும் அவருக்கு ஒரு பாராட்டு. 'ணூ' வந்தால் சிரித்தார், 'ஙீ' வந்தால் ஆமாஞ்சாமியின் முதுகில் தட்டினார். நூறாவது எழுத்தில் காபி வரவழைத்தார். தன் மனைவி தன் வாழ்க்கையிலிருந்து பின்வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் அளவுக்கு மகிழ்ச்சியான மனிதர் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டார். சுவரில் பத்து அடித்தது. அவர் காதில் விழவில்லை. வாசகத்தில் 'இரும்பைவிட உறுதியான' வந்துகொண்டிருந்தது.

கடைசி எழுத்து முடிந்தபோது மணி பத்தே முக்கால்.

"இப்ப என்ன சொல்ற?"

"நான்தான் தப்பு அத்தான்."

"சத்தமா."

"நான்தான் தப்பு." அவள் சான்றிதழை இழுத்து, 'இந்தப் பெட்டியைச் சோதித்தேன், பாதுகாப்பானது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் எழுதின முதல் பொய். அத்தான் அதை வாங்கி, உடனே சங்கத்துக்கு அனுப்பச் சொல்லி ஆமாஞ்சாமியிடம் கொடுத்தார். "இந்தத் தாள் சீட்டெல்லாம்?" என்று கேட்டாள். "வாடிக்கையாளர் கண்ணுல பட்டா, எதுக்கு சந்தேகப்பட்டீங்கன்னு கேப்பாங்க."

"கிழிச்சுப் போடு எல்லாத்தையும்." தன் கையெழுத்தில் 'நாளை காலை பத்து ம' என்று எழுதியிருந்த தாளை அவரே எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் எல்லாவற்றையும் கிழிக்கும் எந்திரத்தில் இரண்டு தடவை விட்டாள்.

தட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி வளைவுக்கு ஓடினாள். செயலாளர் அம்மா உடனே எடுத்தார்.

"இப்பத்தாம்மா உங்க சர்டிபிகேட் வந்துச்சு. ரொம்ப சந்தோஷம்."

"அது பொய்ம்மா. கையெழுத்து என்னுதுதான், ஆனா பொய். அஞ்சு வீட்லயும் பொட்டிய நிறுத்திடுங்க, இப்பவே. பிளக்கயே புடுங்கிடுங்க. மூணாம் வீட்ல இருக்கறவங்கள வேற எங்கயாவது மாத்துங்க."

"என்னம்மா சொல்றீங்க? யாராலயும் படிக்க முடியாதுன்னு உங்க மொதலாளி..."

நொட்டை நேற்று மதியச் செய்தியை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். மறுமுனையில் யாரோ யாரிடமோ போனைக் கொடுப்பது கேட்டது.

"அவரு படிச்சிட்டாரா?" அக்காவின் குரல்.

"மூணு வார்த்த. மிச்சத்த நான் கெடுத்துட்டேன்."

"வாயால சொல்லிக்கலாம், பொட்டியில வேணாம்னுதான் இவங்க சொன்னாங்க. நான்தான் தைரியமா அனுப்பச் சொன்னேன். ஒரு நாள் சாப்பிடறப்ப அவரே சொன்னாரு, அதச் செஞ்ச என்னாலயே படிக்க முடியாதுன்னு. பதினோரு வருஷத்துல அவர் சொன்னதுல அது ஒண்ணத்தான் நம்பினேன்."

நொட்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உனக்கு மூஞ்சியில எல்லாம் தெரிஞ்சிரும். அவரு உன்னத்தான் மொதல்ல பாப்பாரு." செயலாளர் அம்மா பின்னால் ஏதோ சொன்னார். "வேற எடம் இருக்காம். இப்பவே கெளம்பறோம். அது எங்கன்னா..."

"சொல்லாத! எங்கிட்ட சொல்லாதக்கா."

"அப்ப நாம எப்படிப் பாத்துக்கறது?"

"நீயா கூப்பிடற வரைக்கும் பாக்க வேணாம்." போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் ஒன்பது வருடத்தை ஓட்டியவள். இனி எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அத்தான் நடைவழியில் நின்றிருந்தார். காதில் போன். வீட்டில் மணி அடிப்பது அவள் நின்ற இடத்துக்கே மெல்லக் கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு.

"உங்கக்கா எடுக்க மாட்டேங்கறா," என்றார். குரலில் காலையின் வெற்றி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "எங்க போயிருப்பா?"

"தெரியாது அத்தான்."

அவர் போனை இறக்கிவிட்டு, பக்கத்தில் வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் நின்றாள். நிஜமாகவே தெரியாது என்பதால் அந்த முகத்தில் அவர் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.